ஆணியில் ஒரு மோதிரம்

அத்தியாயம் 6

முதல் கல் ஜன்னலை உடைத்தது. இரண்டாவது கல் என் நெற்றியை உடைத்தது. மூன்றாவது வருவதற்குள் நான் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் நான் வெளியே நிற்பது தெரிந்தது. புத்தியுள்ளவன் உள்ளே நின்று சாத்தியிருப்பான்.

எதிரே முப்பது பேர். உலான்பாத்தரின் வடக்கு மேட்டில் அன்று காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. அந்தக் குளிரிலும் ஒருவர்கூட வீட்டில் உட்காரவில்லை. மண்வெட்டி, கடப்பாறை, கரி வாரும் கரண்டி என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. முன்னால் நின்றவன் கோம்போ. நிலக்கரி விற்பவன், பழைய மல்யுத்தக்காரன், தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்தென்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

"டேய் ஷிஜிர், ஒதுங்குடா. நேத்து அந்த பேட்டரி ஜம்பாலைக் கொன்னுச்சு. நாளைக்கு வெடிச்சா தெருவே எரியும். மொத்தத்தையும் உடைச்சுப் போட்டுட்டுப் போறோம்."

"அண்ணே, பேட்டரி வெடிக்கும்னு பயந்து அதைக் கடப்பாறையால குத்தப் போறீங்களா? இந்த யோசனை உங்களோடதா, இல்ல உங்க குதிரையோடதா?"

குத்து விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்து அங்கேயே உறைந்தது. அடுத்த குத்துக்கு அவன் ஒரு அடி முன்னால் வைத்தபோது, அவனுடைய கம்பளி பூட்ஸ் என் கால் மேல் இறங்கியது.

கோம்போ அப்படியே நின்றான். ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது. பல்லால் கடித்துக் கையுறையை உருவி, வெறுங்கையை நீட்டினான். நானும் என் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். குலுக்கினோம். கால் மிதிபட்டால் கை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பகை ஒட்டிக்கொள்ளும் என்பது எங்களுக்கு நடக்கப் பழகும்போதே ஏறிவிட்ட பழக்கம். யோசித்துச் செய்வதில்லை.

"தப்பா எடுத்துக்காத தம்பி," என்றான் கோம்போ. பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு என் வயிற்றில் குத்தினான்.

நான் பனியில் மடிந்து விழுந்தபோது யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். பக்கத்து வேலிக்காரர் மிஜித். தெருக்கோடியில் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. ஒல்லி உடம்பு, மெல்லிய குரல்.

"போதும்டா கோம்போ! துக்க வீடு இது. பன்னிரண்டு மணிக்கு போலீஸ் வருது. அதுவரைக்கும் பொறுத்துக்க மாட்டீங்களா?"

கூட்டம் முணுமுணுத்துப் பின்வாங்கியது. அவர் என்னை உள்ளே இழுத்துப்போட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். என் நினைப்பில் தீயை வைக்க.

உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி ஹோர்லோ அக்கா. இருபத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தவள், இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஒரு திருடன் விட்ட அறையில் இடது காது போயிற்று. வேண்டாத பேச்சு வரும்போது அந்தக் காதைத் திருப்பிக்கொள்வாள். நான் அவளுக்கு டிரைவர், உதவியாள், திட்டுவதற்கு ஒரு ஆள்.

இன்னொருத்தி துல்மா. இந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரி. நகரத்தில் பாதி கார் ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த ஹைபிரிட். அவற்றின் பேட்டரி எங்கள் குளிரில் மண்டையைப் போடும்போது ஜனங்கள் தேடி வருவது இவளைத்தான். என் காரையே மூன்று முறை சாவிலிருந்து எழுப்பியவள்.

நேற்று மத்தியானம் துல்மா தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, புருஷன் ஜம்பால் இங்கே தரையில் கிடந்தான். பின்மண்டை பிளந்து பட்டறைக்கல்லின் முனையில் ரத்தம். பக்கத்தில் பாதி உருகிய ஸ்பானர். போலீஸ் கேப்டன் சோட்னோம் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஸ்பானர் பேட்டரி மேல் விழுந்தது, இருநூறு வோல்ட் அவனைத் தூக்கி எறிந்தது, மண்டை கல்லில் மோதியது. வீட்டில் இப்படி ஒரு எமனைக் கவனமில்லாமல் வைத்திருந்த குற்றம் துல்மாவுடையது. இன்று பன்னிரண்டு மணிக்கு அவளைக் கூட்டிப்போக வருவார். இப்போது மணி பத்தரை.

"ஜெயிலுக்குப் போறேன் அக்கா," என்றாள் துல்மா. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, குரல்தான் உடைந்திருந்தது. "ஆனா என் மேஜை அவரைக் கொன்னுச்சுன்னு மட்டும் சொல்ல விடாதீங்க. பதினோரு வருஷமா நானும் அவரும் இந்த மேஜையில தொழில் பண்றோம். ஒரு கொப்புளம் வந்ததில்ல."

மிஜித் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து உப்புப் பால் டீயை ஊற்றினார். அக்காவிடம் கையுறை போட்ட இடது கையால் கிண்ணத்தை நீட்டினார். அக்கா கிண்ணத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இடது கையால் எதையும் நீட்டினால் எங்கள் வீட்டில் முதுகில் விழும். பாவம், பதற்றத்தில் மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

"மிஜித், நீங்க கதவுக்கு வெளியே நின்னு கொஞ்சம் பாத்துக்கங்க," என்றாள் அக்கா. அவர் போனதும் துல்மாவிடம் திரும்பினாள். "நீ எப்படி வேலை செய்வே? முதல்லருந்து சொல்லு. எனக்குக் காரே ஓட்டத் தெரியாதுன்னு வெச்சுக்க."

"வெச்சுக்கவே வேணாம், அதான் நிஜம்," என்றேன். அக்கா செவிட்டுக் காதைத் திருப்பினாள்.

துல்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "முதல்ல கதவுகிட்ட அந்த ஆணி. மோதிரம், சங்கிலி, பெல்ட் எல்லாம் கழற்றி அங்க மாட்டணும். அப்புறம் பேட்டரி பேக்ல இருக்கற ஆரஞ்சுப் பிடியை உருவுவேன். அதை உருவிட்டா நடுவுல இணைப்பு அறுந்துடும். உருவின பிடி எப்பவும் என் பையிலதான் இருக்கும். வேற எவனும் தெரியாம மாட்டிடக் கூடாதில்ல? பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருப்பேன். அப்புறம்தான் ரப்பர் கிளவுஸ் போட்டு மூடியைத் திறப்பேன்."

"உடனே சார்ஜ் போடுவியா?"

"ஐயோ, குளிர்ல வந்ததுக்கா? ஒரு நாள் பூரா உள்ள வெச்சு குளிர் விடணும். அதோ, அடுப்போரத்துல ஒண்ணு வெச்சிருக்கேனே, நேத்துக் காலையில வந்தது, இன்னும் உள்ள ஒண்ணையும் கழற்றல." ஓரத்தில் மூடி திறந்த ஒரு முழு பேக் தரையில் கிடந்தது. "உள்ள இருபத்தெட்டு துண்டு. வரிசையா கோத்தது. ஒண்ணு ரெண்டு துண்டு சோர்ந்து போயிருக்கும், அதுங்கதான் மொத்தத்தையும் கெடுக்கும். அதனால ஒவ்வொண்ணா கழற்றி, உப்பாம இருக்க ரெண்டு பலகைக்கு நடுவுல இறுக்கி, காத்தாடி போட்டு, மெதுவா சார்ஜ் ஏத்துவேன். கடைசியில எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பி அடுக்கி, பிளஸ்ஸுக்கெல்லாம் ஒரு செம்புப் பட்டை, மைனஸ்ஸுக்கெல்லாம் ஒரு செம்புப் பட்டை. ஒரு நாள் அப்படியே கிடக்கணும். நிறைஞ்சது குறைஞ்சதுக்குக் கொடுத்து எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துடும்."

அக்கா மேஜையைப் பார்த்தாள். இருபத்தெட்டு துண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. இரண்டு நீளச் செம்புப் பட்டைகள், ஒன்றில் ஒரு இடம் கடித்து எடுத்ததுபோல் உருகியிருந்தது.

"இதுவும் அந்த மாதிரி கிடக்கறதுதானே?"

"ஆமா. அவர்தான் நேத்து அடுக்கியிருக்கார்."

"மீட்டர் வெச்சுப் பார்."

துல்மா வைத்தாள். "ஏழு புள்ளி எட்டு."

அக்கா இரண்டு உள்ளங்கையையும் நக்கினாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் இடது கையை ஒரு பட்டையிலும் வலது கையை இன்னொன்றிலும் அழுத்தி வைத்தாள்.

நான் போட்ட சத்தத்தில் வெளியே கூட்டம்கூட வாயை மூடிக்கொண்டது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டினாள். "கொஞ்சம் சில்லுனு இருக்கு," என்றாள்.

துல்மாவின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "வரிசையா கோத்தாத்தான் இருநூறு. இப்படி ஒரே பக்கமா கட்டினா எத்தனை துண்டு சேர்த்தாலும் ஒரு துண்டோட வோல்ட்தான். எட்டு! நேத்து இருந்த நிலைமையில எனக்கு இது தோணவே இல்லையே அக்கா!"

"எட்டு வோல்ட் ஆளைத் தூக்கி எறியாது. ஆனா இரும்பு விழுந்தா?"

"இருபத்தெட்டும் ஒண்ணா பாயும். ஸ்பானர் வெண்ணெய் மாதிரி உருகும். மோதிரம் பட்டா விரலோட போயிடும். அதுக்குத்தான் அந்த ஆணி."

நாங்கள் மூவரும் ஆணியைப் பார்த்தோம். ஜம்பாலின் வெள்ளி மோதிரம் அதில் பத்திரமாகத் தொங்கியது. அவன் அதைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறான்.

அக்கா தன் பேனாக்கத்தியால் செம்புப் பட்டையின் உருகிய இடத்தைச் சுரண்டினாள். மிளகு அளவில் ஒரு மணி உதிர்ந்தது. செம்பு நிறமில்லை, ஸ்பானரின் இரும்பும் இல்லை. வெள்ளை.

"வெள்ளி," என்றாள். "ஜம்பாலை எவனோ பின்னாலருந்து அடிச்சிருக்கான். ஹைபிரிட் பேட்டரின்னா ஆளைக் கொல்லும்னு ஊரே சொல்றது அவனுக்கும் தெரியும். அதனால செத்தவன் கையில ஸ்பானரைக் கொடுத்து, இந்தப் பட்டை மேல வெச்சு விபத்து மாதிரி செட் பண்ணிருக்கான். எப்படிக் கட்டினா எத்தனை வோல்ட்னு அவனுக்குத் தெரியாது. மோதிரத்தைக் கழற்றணும்னும் தெரியாது, அது பட்டையில பட்டு உருகிடுச்சு."

துல்மா சட்டென்று குனிந்து துண்டுகளின் அடியைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி, நகப்பூச்சு வைத்தது.

"என் அடையாளம் அக்கா. போன இலையுதிர்ல செர்மா டீச்சர் காருக்கு நான் மாத்தின துண்டு. போன வாரம் அவங்க கார்லருந்து பேக்கை எவனோ திருடிட்டுப் போயிட்டான். அதை இங்கயே கொண்டாந்து கொடுத்திருக்கான். இவர் புள்ளியைப் பாத்துட்டு, எங்கருந்துடா வந்துச்சுன்னு கேட்டிருப்பார். அவர் வாயை அடக்கத் தெரியாத மனுஷன்."

எனக்கு வயிற்றில் குத்து வாங்கியதைவிட அது வலித்தது. கேள்வி கேட்ட ஒரே தப்புக்காக எவனோ ஜம்பாலின் மண்டையைப் பிளந்திருக்கிறான்.

அக்கா மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபது. "விரல்ல மோதிரம் மாதிரி சுட்ட காயம். அந்தக் கைதான் நமக்கு வேணும். அவன் இந்தத் தெருக்காரன். துல்மா வீட்ல இல்லாத நேரம் தெரிஞ்சவன்."

"முப்பது பேர் கையிலயும் கிளவுஸ் இருக்கு அக்கா. இந்தக் குளிர்ல கழற்றுன்னா எவன் கழற்றுவான்?"

"நீ இன்னிக்கு ஒருத்தனைக் கழற்ற வெச்சியே."

எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். "முப்பது பேர் காலை மிதிக்கணுமா? நான் உயிரோட திரும்பணுமா வேணாமா?"

"முதல் கேள்விக்கு மட்டும் ஆமா," என்றாள் அக்கா. "ஒரு ஆளையும் விடாதே."

வெளியே போனேன். அடுத்த அரைமணி நேரம் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான நடை. தடுக்குவதுபோல் ஒருவன் கால், வழுக்குவதுபோல் இன்னொருவன் கால். ஒவ்வொருவனும் முதலில் முறைத்தான், பிறகு கையுறையை உருவிக் கையை நீட்டினான். கரி படிந்த கை, உறைபனியில் வெடித்த கை, சாராயம் மணக்கும் கை. ஒருவன் கை கொடுத்துவிட்டுக் கன்னத்திலும் கொடுத்தான். கோம்போ காலை மட்டும் பயந்து பயந்து மிதித்தேன். காலையில் நான் கவனிக்காத அந்தக் கடாய் மாதிரி உள்ளங்கை, விரலில் இரண்டு பெரிய வெள்ளி மோதிரம், காயமே இல்லை. மனதுக்குள் அவன்தான் கொலைகாரன் என்று தீர்ப்பே எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

முப்பது கை. ஒன்றிலும் சுட்ட காயம் இல்லை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன். கதவோரம் மிஜித் நின்றார். "என்ன தம்பி, பார்த்து நடக்கக் கூடாதா?" என்று சிரித்தார். நான் நிலைப்படியை மிதித்துவிடாமல் உள்ளே தாண்டக் காலை நீட்டி வைத்தேன். பனி வழுக்கியது. என் முழு எடையும் அவர் பாதத்தின் மேல் இறங்கியது.

சத்தியமாக இது மட்டும் தற்செயல்.

நான் கையை நீட்டினேன். அவரும் கையுறையை உருவி நீட்டினார். இருவரும் யோசிக்கவில்லை. என் கையில் பிசுக்கென்று ஏதோ ஒட்டியது. செம்மறி வால்கொழுப்பு. சுட்ட புண்ணுக்கு எல்லா வீட்டிலும் தடவுவது. கீழே பார்த்தேன். அவருடைய நடுவிரலைச் சுற்றி, கருகி வெடித்த ஒரு வளையம்.

நான் தலையைத் தூக்கியபோது அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. மரியாதையெல்லாம் அந்த நொடியோடு சரி.

அவன் முழங்கால் என் அடிவயிற்றில் ஏறியது. மடிந்தவனை உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டான். அங்கியின் மடிப்பிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பு வந்தது. நான் இடக்கையைக் குறுக்கே வைத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஹோர்லோ அக்கா கரிக் கரண்டியை அவன் தோளில் இறக்கினாள். அவன் திரும்பி அவள் கன்னத்தில் அறைந்த அறையில் அவள் மேஜைக் காலில் போய் மோதி உட்கார்ந்தாள். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் தரையில் விழுந்தன.

"கேக்காம இருந்திருக்கலாம்ல உன் புருஷன்!" துல்மாவின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். "எவன் பேட்டரியா இருந்தா இவனுக்கென்னடி? வேலையைப் பாத்தோமா போனோமான்னு இல்லாம, புள்ளி பாக்கறானாம் புள்ளி!"

அவளை அடுப்போரம் தரையில் கிடந்த முழு பேக்கின் மேல் குனிய வைத்தான். வரிசையாகக் கோத்தபடியே இருந்த பேக். மூடி திறந்திருந்தது. அவள் வெறும் கையை மணிக்கட்டில் பிடித்து, இரண்டு முனைகளுக்கும் ஒரு விரல்கடை மேலே நிறுத்தினான்.

"இது எட்டு இல்ல, இருநூறு. கதவுக்கு வெளியே நின்னு எல்லாம் கேட்டேன். கிழவி, அந்த வெள்ளியை அடுப்புல போடு. இல்லைன்னா இவளும் விபத்துதான்."

நான் ஒற்றைக் கையால் தவழ்ந்தேன். என்னால் அவ்வளவு தூரம் போய்ச் சேர முடியாது. "போட்டுடுங்க அக்கா!" என்று கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். கேட்க யாருமில்லாத இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

துல்மா அழவில்லை. கழுத்தைத் திருப்பி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுத்துங்க மிஜித் அண்ணே," என்றாள்.

அவன் அழுத்தினான். கட்டைவிரல் ஒரு முனையில், சுண்டுவிரல் மறு முனையில்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவன் மறுபடி அழுத்தினான். குழப்பத்தில் அவன் வாய் திறந்தது. அந்த இடைவெளியில் துல்மாவின் இன்னொரு கை, துண்டுகளை இறுக்கும் கனத்த பலகையை எடுத்துவிட்டது. முதல் அடி அவன் மூக்கில். இரண்டாவது காதோரம். கக்கத்தில் இடுக்கியிருந்த இரும்பு கீழே விழுந்தது. அவள் அவனுடைய கருகிய நடுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். சுள்ளி முறிவதுபோல் முறிந்தது. அவன் போட்ட அலறலில் கோம்போ கதவைத் தோளால் இடித்துப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இவன்தான் ஜம்பாலைக் கொன்னான்!" என்று நான் கத்தினேன். "கையைப் பாருங்க!"

கோம்போ கையைப் பார்த்தான். கொழுப்பு தடவிய வளையத்தைப் பார்த்தான். ரத்தம் வழியும் ஹோர்லோ அக்காவைப் பார்த்தான். "வெடிக்கப் போகுது, போய் உடைங்கடான்னு காலையில வீடு வீடா வந்து சொன்னதே நீதானேடா! அப்புறம் இங்க வந்து நல்லவன் வேஷமும் போட்டே!" என்றவன், அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் மிஜித்தைக் குப்புறப் புரட்டி முதுகில் உட்கார்ந்தான். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயின. உட்காரும்போது அவன் குதிகால் என் கால் மேல் பட்டது. எழாமலே கையுறையைக் கடித்து உருவி எனக்குக் கை கொடுத்தான்.

கேப்டன் சோட்னோம் பன்னிரண்டு மணிக்குச் சரியாக வந்தார். ஹோர்லோ அக்கா எச்சிலோடு ரத்தத்தைத் துப்பிவிட்டு, வெள்ளி மணியை அவர் கையில் வைத்தாள். "இவனோட மோதிரம் கிடைச்சா ஒட்டிப் பாருங்க. கார் நிறுத்துமிடத்துல டீச்சர் கார்லருந்து பேக் திருடினவனும் இவன்தான். சாவியெல்லாம் இவன்கிட்டதானே." பிறகு செம்புப் பட்டைகளைக் காட்டினாள். "சந்தேகமா இருந்தா ரெண்டு கையையும் அதுமேல வைங்க."

கேப்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?" என்றேன். என் கையை யாரோ பலகை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இடது கையால டீ கொடுத்தான். அடுப்புப் பக்கத்துல நின்னும் கிளவுஸைக் கழற்றல. அதான் ஒரு ஆளையும் விடாதேன்னு சொன்னேன். நீ வெளியே இருந்தவங்களை மட்டும் எண்ணினே."

நான் துல்மாவைப் பார்த்தேன். "உனக்கு என்ன தைரியம்! எப்படி ஷாக் அடிக்காம இருந்துச்சு?"

அவள் அங்கிப் பையில் கைவிட்டு ஆரஞ்சுப் பிடியை எடுத்துக் காட்டினாள். "நேத்துக் காலையில உருவினது. இது இல்லாம அந்த ரெண்டு முனையும் செத்த முனை. உள்ளே பாதிக்குப் பாதி உயிர் இருக்கும், அங்க தொட்டிருந்தான்னா நான் போயிருப்பேன். அவனுக்கு முனைதான் தெரியும்."

மிஜித்தை இழுத்துப்போனார்கள். கூட்டம் ஆயுதங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கலைந்தது. இரண்டு பேர் வெட்கத்தோடு வந்து உடைந்த ஜன்னலுக்குக் கம்பளி அடித்தார்கள்.

துல்மா ஆணியிலிருந்து ஜம்பாலின் மோதிரத்தை எடுத்தாள். அவள் விரலுக்குப் பெரிது. கட்டைவிரலில் போட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள், சத்தமாக, மூக்கு ஒழுக. ஹோர்லோ அக்கா நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் பேச்சைக் கேட்டுத்தான் இருந்திருக்கார் அக்கா," என்றாள் துல்மா. "கழற்றி மாட்டிட்டுத்தான் உக்காந்திருக்கார்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து முகத்தைத் துடைத்தாள். அடுப்போரம் கிடந்த பேக்கைத் தொட்டுக் குளிர் விட்டதா என்று பார்த்தாள். விட்டிருந்தது. கட்டைவிரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினாள். பிறகு ரப்பர் கையுறையைத் தேடினாள்.